சுரங்கமும் சரித்திரமும்

மர்மக் கதை என்றால் நமக்கு ஏன் இத்தனை ஆசை? அதிலும் அந்த மர்மம் பழங்காலத்தைச் சேர்ந்ததாயிருந்து, இடிந்த கோட்டையும் செல்லரித்த ஓலைச் சுவடியும் அதில் தலைகாட்டிவிட்டால் கேட்க வேண்டியதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நம் காதில் விழாது.

இந்த ஆசைக்குப் படிப்பு அவசியமில்லை. சுரங்கப்பாதைக் கதை இல்லாத பழங்கோயில் நம் நாட்டில் அபூர்வம். எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் எந்தக் கோயிலிலிருந்து எந்தக் கோட்டைக்குச் சுரங்கம் போகிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "உள்ளே போனவன் ஒருத்தனும் திரும்பினதில்லை, ஐயா!" என்பாள். "அப்படியானால் உள்ளே இருப்பதை யார் வந்து சொன்னது, அப்பத்தா?" என்று கேட்டால், "குறுக்கே பேசினால் கதை நகராது" என்று பதில் வரும். அவள் சொன்னது நியாயந்தான். கதைக்குச் சாட்சி தேவையில்லை. சரித்திரத்துக்குத்தான் தேவை.

இரண்டும் கைகோத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. காரைக்குடிக்கு மேற்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள குன்றக்குடிதான் அது. மயில் வடிவான மலை, உச்சியில் சண்முகநாதர். பெரிய மருதுவின் முதுகில் தோன்றிய ராஜபிளவை இந்த முருகனின் விபூதியால் குணமாயிற்று என்பது கர்ண பரம்பரைச் செய்தி. அதற்கு நாம் சாட்சி கேட்பதில்லை. ஆனால் மருது சகோதரர் இக்கோயிலுக்குத் திருப்பணி செய்ததும், 1801 ஜூன் 16-ல் ஆங்கிலேயரை எதிர்த்துத் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அறிக்கை ஒட்டச் செய்ததும், அவ்வாண்டு அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் சரித்திரம். விபூதிக் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தை ஒருநாள் இவ்வளவையும் தேடிப் படிக்குமானால், அந்தக் கதை வீண் போகவில்லை.

படியேறுகிறவர்களில் பெரும்பாலோர் காணாமல் போவது ஒன்றுண்டு. மலையடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரைகள் மூன்று இருக்கின்றன. அவை சிவபெருமானுக்காகக் குடையப்பட்டவை. ஆயினும் திருமாலின் உருவமும் அங்கே அழகுறச் செதுக்கப்பட்டிருக்கிறது. இதைவிடப் பழமையானது, சமண முனிவர்கள் தங்கியதாக அறிஞர்கள் கருதும் குகைத்தளம். அங்கே தமிழ்ப் பிராமி எழுத்தும் உண்டு. ஆக, சமணர், சிவன், திருமால், முருகன் எல்லோருக்கும் ஒரே குன்று இடம் கொடுத்திருக்கிறது. "இந்த மலை ஆதிமுதல் எங்களுக்கே சொந்தம்" என்று ஒருவர் கதை கட்ட விரும்பினால், மற்றக் கற்களை அவர் மறைத்தாக வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பழமையைத் துருவும்போது நாம் தேடுவது உண்மையையா, நம் பெருமையையா?

டாக்டர் உ. வே. சாமிநாதையரை நினைத்துப் பாருங்கள். 1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி ஐயரை ஊரூராய் ஏடு தேட வைத்தது. அவரோ சைவச் சூழலில் தமிழ் கற்றவர்; நூலோ சமண காவியம். பொருள் விளங்காத இடங்களுக்கு அவர் தாமாக ஒரு பொருள் கற்பித்துவிடவில்லை. சமணர் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் நூல் அச்சேறிற்று. அவருடைய 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தபோது, துப்பறியும் கதையின் சுவாரஸ்யம் அதிலும் இருந்தது. வித்தியாசம் ஒன்றுதான். இந்தக் கதையில் அகப்பட்டது திருடன் அல்ல; நாம் தொலைத்திருந்த நம் சொத்து.

நம் சிவகங்கைச் சீமையிலேயே அண்மையில் நடந்தது கீழடி. ஒரு தென்னந்தோப்பில் 2015-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. ராஜாவின் கிரீடம் அகப்படவில்லை. செங்கற் சுவரும், உறைகிணறும், நூல் நூற்கும் தக்களியும், பகடைக் காயும் அகப்பட்டன. பானை ஓட்டில் 'ஆதன்' என்று ஒரு பெயர்! தன் பானை அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ! அங்கே கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019-ல் அறிக்கை வெளியானதும், ஒரு சாரார் குதூகலித்தார்கள். ஒரு சாரார் முகம் சுளித்தார்கள். ஆதனுக்கோ இரண்டும் ஒன்றுதான்.

2023-ல் அங்கே செட்டிநாட்டுப் பாணியில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். குன்றக்குடிக்குப் போனாலும், மலையேறு முன் அடிவாரத்தையும் ஒரு முறை சுற்றி வாருங்கள். சுரங்கக் கதையும் சொல்லுங்கள், தடையில்லை. ஆனால் குழந்தை குறுக்கே கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். நம் முன்னோர்கள் நம்மைப் புகழ்வதற்காக மண்ணுக்குள் காத்திருக்கவில்லை. அவர்கள் சொல்வது நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், உள்ளபடி கேட்டுக்கொள்வதே நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.