கண்டி மலைச்சாரலும் குட்டிப் பாம்பின் கவளமும்

கண்டி மாநகருக்குச் செல்லும் யாத்திரிகர் காணவேண்டியவை இவை என்று ஒரு வரிசை உண்டு. தலதா மாளிகை, கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807-ஆம் ஆண்டில் அமைத்த வாவி, பேராதனைப் பூங்கா, அந்தி வேளையில் அந்தானை மலைமேல் தவழும் மூடுபனி ஆகியவற்றைக் கண்டபின் யாத்திரை முடிந்ததென்று பலர் புகையிரதம் ஏறிவிடுவர். இக்காட்சிகளுக்கு இடையிலேயே, மனிதர் கண்ணிற் படாமல், இன்னொரு கூட்டம் தன் வாழ்க்கையை நடத்திவருகின்றது. அது பாம்புக் கூட்டம். அவற்றுள்ளும் பிறந்து சில நாள்களே ஆன குட்டிப் பாம்பு எதை உண்கின்றது, எவ்வளவு உண்கின்றது என்பதை அறிந்துகொள்ளும் நோக்குடன் இம்முறை நாம் கண்டியைச் சுற்றி வருவோம். இவ்விஷயம் அற்பமானதன்று, மலைநாட்டுத் தோட்டங்களில் உழைக்கும் மக்களின் உயிரோடு தொடர்புள்ளது என்பதை முடிவிலே காண்போம்.

தலதா மாளிகையின் பின்புறம் எழும் குன்றிலே பரந்து கிடப்பது உடவத்தகெலே வனம். அரண்மனைக்கு மேலேயுள்ள தோட்டம் என்னும் பொருளில் வழங்கிய பெயரே இவ்வாறு மருவிற்று. மன்னர் காலத்திலே பொதுமக்கள் நுழையக்கூடாத காடாக இருந்த இவ்விடம், 1856-இல் ஒதுக்குவனமாகவும், 1938-இல் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. ஏறக்குறைய 104 ஹெக்டேயர் பரப்புள்ள இவ்வனம், சந்தடி மிகுந்த நகரத்தின் தோளிலே போர்த்திய பச்சைச் சால்வை போலக் காட்சியளிக்கின்றது.

இத்தகைய மரச்செறிவிலே வாழ்வது பச்சைப் பாம்பு. கண்கொத்திப் பாம்பு என்று நம்மவர் வீணாக அஞ்சுவது இதனையே. இளங்கொடி போன்ற மெல்லிய உடலையுடைய இதற்கு, உருண்டு திரண்ட இரை ஆகாது. ஓணான் குஞ்சு, பல்லி, சிறு தவளை என நீண்டு மெலிந்த பிராணிகளே இதற்கு ஏற்ற ஆகாரம். உடல் எவ்வாறோ உணவும் அவ்வாறே என்பது நமக்குக் கிடைக்கும் முதற்பாடம்.

சருகுகள் மூடிய நிலத்திலே நாம் காணக்கூடியது கோப்பி விரியன். கண்டிச் சுற்றுப்புறத்திலும் தேயிலைத் தோட்டங்களிலும் மிகுதியாக உள்ள இந்நச்சுப் பாம்பு, முட்டையிடாமல் குட்டிகளை ஈனுவது. பிறந்த குட்டி சாண் நீளமும் இராது. பதின்மூன்று, பதினான்கு சென்டிமீற்றர் அளவே இருக்கும். அதன் வாலின் நுனி மட்டும் உடலின் நிறத்தினின்று வேறுபட்டு வெளிறியோ சிவந்தோ தோன்றும். சருகின் நிறத்தோடு நிறமாகச் சுருண்டு கிடந்து, அவ்வால் நுனியை மட்டும் அது மெல்ல நெளிக்கும். புழுவென்று எண்ணி அரணைக் குட்டியோ தவளைக் குஞ்சோ நெருங்கினால் அக்கணமே அதன் வாயிற் சிக்கும். இதிலே ஒரு நுட்பம் உண்டு. சிறு புழுவைத் தேடி வருவது சிறு பிராணியாகத்தானே இருக்கும்? குட்டி தன் வாய்க்கு ஏற்ற விருந்தாளியையே இவ்வாறு அழைக்கின்றது.

இனி, வனத்தை விட்டு இறங்கி, நகருக்கு மேற்கேயுள்ள பேராதனைக்குச் செல்வோம். மகாவலி கங்கை வளைந்து தழுவிச் செல்லும் 147 ஏக்கர் நிலத்திலே, 1821-ஆம் ஆண்டு முதல் தாவரவியற் பூங்கா விளங்கிவருகின்றது. கமுகை ஒத்த உயர்ந்த மரங்கள் அணிவகுத்து நிற்கும் சாலைகளையும், பகலிலே தலைகீழாய்த் தொங்கும் பழவௌவால்களையும் காண்போர், இந்நாட்டுத் தோட்டங்களிற் பூச்சட்டியின் ஈரமண்ணிலே ஒளிந்துகொள்ளும் குருட்டுப் பாம்பை நினைப்பதில்லை. மண்புழுவோ என்று மயங்கும்படி இருக்கும் இது, எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் உண்டு வாழ்வது. ஒரு கவளம் ஒரு கடுகளவுதான்! ஆகவே, இது பலமுறை உண்கின்றது. ஆற்றோரத்து நீர்ப்பாம்பின் குட்டியோ தலைப்பிரட்டையிலே தொடங்கி, வளர வளரத் தவளைக்கும் மீனுக்கும் செல்கின்றது. பருவம் மாற, இரையும் மாறுகின்றது.

பாம்பு ஏன் இவ்வாறு அளந்து உண்ணவேண்டும்? அதற்குக் கையில்லை, கிழித்துத் தின்னும் பல்லும் இல்லை. அதன் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. பற்றி இழுக்க உதவுமேயன்றி மெல்ல உதவா. எனவே, எதையும் முழுதாகவே விழுங்குகின்றது. அதன் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் நம் தாடையைப் போல முன்புறத்தில் ஒட்டியவை அல்ல. நெகிழும் நாரினால் இணைந்தவை. ஒரு பக்கம் பற்றியிருக்க மறுபக்கம் முன்னேற, இவ்வாறு மாறி மாறி இரையின் மேல் நடப்பதுபோலத் தாடை நகர்கின்றது. விழுங்கும் நேரத்தில் மூச்சுத் திணறாதிருக்க, மூச்சுக்குழலின் வாயும் முன்னே நீண்டு வருகின்றது.

விழுங்கியபின் நடப்பது இன்னும் வியப்பானது. பர்மிய மலைப்பாம்பு பெருவிருந்து உண்டபின், உடல் ஓய்ந்திருந்த நிலையைவிட 44 மடங்கு வரை சக்தியைச் செலவிடக்கூடும் என்றும், இரண்டே நாளில் அதன் இருதயத்தின் கீழறை நூற்றுக்கு 40 பங்கு பருக்கின்றது என்றும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஒரு வேளை உணவைச் சமிபாடு செய்வது பாம்புக்கு ஒரு மலையேற்றத்துக்கு ஒப்பானது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்டி இராச்சியத்திலேயே ஒரு பழஞ்சான்று உண்டு. 1660-இல் சிறைப்பட்டு, பேராதனைக்கு அணித்தான எலதெத்த கிராமத்திலும் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1679-இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681-இல் இலண்டனில் வெளியான தமது நூலிலே இந்நாட்டு மலைப்பாம்பைப் பற்றிக் கூறியுள்ளார். நம்மவர் வெங்கிணாந்தி என்றும் சிங்களர் பிம்புரா என்றும் வழங்கும் அப்பாம்பு, மானைக் கொம்போடு விழுங்கிவிடும் என்றும், சில வேளைகளில் அக்கொம்பு வயிற்றைத் துளைத்து அதனைக் கொன்றுவிடும் என்றும் அவர் எழுதினார். கதையென்று இதனை ஒதுக்கிவிடுவதற்கில்லை. 2005-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்புநிலத்திலே ஆறடி முதலையை விழுங்கிய பதின்மூன்றடி மலைப்பாம்பொன்று உடல் வெடித்துக் கிடந்தது. 2015-இல் தென்னாபிரிக்காவிலே முள்ளம்பன்றியை உண்ட மலைப்பாம்பொன்று மாண்டு கிடந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற நம் முதுமொழி பாம்புக்கும் பொருந்துகின்றது.

காட்டிலே பாம்பு தானே கணக்குப் பார்க்கின்றது. கூட்டில் அடைபட்டதற்கோ வளர்ப்பவரே கணக்குப் பார்த்தல் வேண்டும். மேலைநாடுகளிற் குட்டிப் பாம்புகளை வளர்ப்போர் கையாளும் விதி எளியது: பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தைப் பார், இரையின் பருமன் அதனை ஒத்திருக்கட்டும், ஐயமிருந்தால் சிறியதையே தேர்ந்தெடு. நிறையைக் கொண்டு கணிப்போர், குட்டியின் நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு என்பர். நூறு கிராம் நிறையுள்ள மலைப்பாம்புக் குட்டிக்குப் பத்துப் பதினைந்து கிராம் நிறையுள்ள எலி போதுமானது. முட்டையிலிருந்து வந்த குட்டி முதன்முறை சட்டை உரித்தபின்பே உணவு கொடுப்பர். பின்னர் ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை கொடுத்து, குட்டி பருக்கப் பருக்க இரையைப் பெரிதாக்கி இடைவெளியையும் நீட்டுவர். உண்டபின் இரண்டு நாள் அதனைத் தொடமாட்டார்கள்.

இரை பெரிதானாலோ, உடலில் உஷ்ணம் குறைந்தாலோ, பாம்பு விழுங்கியதைக் கக்கிவிடும். பாம்புக்குச் சொந்தச் சூடு இல்லை. சுற்றுப்புறத்தின் சூடே அதன் அடுப்பு. கடல்மட்டத்துக்குச் சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில், மார்கழி, தை மாதத்துக் குளிர்ந்த இரவுகளிலே, சமவெளியிற் செரிக்கும் இரையே செரியாமல் வயிற்றில் அழுகக்கூடும். கக்கிய குட்டிக்கு உடனே மறுபடி ஊட்டுவது பெருந்தவறு. பத்துப் பதினைந்து நாள் ஓய்வு தந்து, முன்னையதிலும் சிறிய இரையைக் கொடுத்தல் வேண்டும். ஓயாமல் ஊட்டினாலோ கொழுப்பேறி ஈரல் கெட்டு ஆயுள் குறையும். அன்பின் மிகுதியால் குழந்தைக்குத் திணித்து ஊட்டும் தாய்மார் இதனைச் சற்றுச் சிந்திப்பார்களாக!

இந்தக் கணக்கு யாருக்கு உதவும் என்று மாணவர் வினவலாம். பேராதனையிலேயே அதற்கு விடை இருக்கின்றது. இலங்கையில் வழங்கிவந்த விஷமுறி மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு ஆக்கப்பட்டது. நம் தோட்டங்களிற் பலரைத் தீண்டும் கோப்பி விரியனின் நஞ்சு அதிலே சேரவில்லை. இக்குறையைப் போக்கும்பொருட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்து அறிஞர், அமெரிக்க, கொஸ்தாரிக்கா நாட்டு அறிஞரோடு கூடி உழைத்தனர். நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கோப்பி விரியன் ஆகிய இந்நாட்டுப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு ஆக்கிய புதிய மருந்தின் ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் 2016-இல் வெளியாயின. நஞ்சு எடுக்கவேண்டுமானால் பாம்பு நலமாயிருத்தல் வேண்டும். பாம்பு நலமாயிருக்க அதன் கவளம் அளவாயிருத்தல் வேண்டும். கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் உயிருக்கும் கூட்டிலே கொடுக்கும் ஒரு சிறு எலிக்கும் இடையே இத்தகைய தொடர்பு உண்டு.

ஆயினும் இதனைப் படிக்கும் இளைஞர் பாம்பு வளர்க்கப் புறப்படவேண்டாம். இலங்கையிலே மலைப்பாம்பு, 1937-ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலைப் பெற்றது; அதனைப் பிடிப்பதும் அடைப்பதும் குற்றம். நச்சுப் பாம்பை நெருங்குவதோ உயிராபத்து. குட்டியென்று அலட்சியம் செய்யவும் கூடாது. கோப்பி விரியனின் குட்டிக்குப் பிறக்கும்போதே நஞ்சு உண்டு. வீட்டு முற்றத்திலே குட்டிப் பாம்பைக் கண்டால், பிள்ளைகளை விலக்கி, அது செல்ல வழிவிட்டு, வேண்டுமாயின் வனசீவராசிகள் திணைக்களத்தாருக்குத் தெரிவித்தலே அறிவுடைமை. விறகுக் குவியலையும் சிந்திய தானியத்தையும் அகற்றினால் எலி வராது. எலி வராத வீட்டைச் சாரைப்பாம்பும் நாடாது.

அடுத்தமுறை கண்டிக்குச் செல்லும் குடும்பத்தினர், மாளிகையை வணங்கி வாவிக்கரையில் உலாவியபின், உடவத்தகெலே வனத்தின் நடைபாதையிலும் ஒரு நாழிகை நடந்து வருக. பாதையை விட்டு விலகாது, காலில் மூடிய பாதரட்சையோடு நடத்தல் நன்று. பாம்பு கண்ணிற் படாமலே போகலாம். ஆனால் அச்சருகுகளின் கீழே, விரல் பருமனுள்ள ஓர் உயிர் தன் வயிற்றின் அளவை அறிந்து, அதற்கு மேல் வேண்டாது வாழ்கின்றது என்னும் எண்ணம், வீடு திரும்பி இலைமுன் அமரும்போது நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.