அம்மா அப்பாவுக்கும் காலாண்டு விடுமுறை

செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அடையாற்றில் காந்தி நகர், இந்திரா நகர்ப் பக்கம் பல வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். ஊரிலிருந்து தாத்தா வருவார். எழும்பூரில் பேத்தியோடு சோழன் எக்ஸ்பிரஸ் ஏறுவார். கும்பகோணத்தில் பாட்டி முறுக்குச் சுற்றி வைத்துக் காத்திருப்பார். அந்த வாரம் முழுக்கப் பள்ளி வேன் கிடையாது, டிபன் பாக்ஸ் கிடையாது, மாலையில் பாட்டு வகுப்புக்கு ஓட வேண்டாம்.

கிடைத்த நேரத்தில் அப்பாவும் அம்மாவும் என்ன செய்கிறார்கள்? பரணை ஒழிக்கிறார்கள். தள்ளிப்போட்ட பல் டாக்டரைப் பார்க்கிறார்கள்.

நம் வீடுகளில் வெளியூர்ப் பயணத்துக்கு எப்போதும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. குலதெய்வத்துக்குப் பொங்கல், பிள்ளைக்கு மொட்டை, உறவில் கல்யாணம். பெசன்ட் நகர் மத்திய அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்களைக் கேட்டால் எல்.டி.சி. என்பார்கள், அரசு ஊழியர்களுக்கான விடுமுறைப் பயணச் சலுகை. நான்கு ஆண்டுத் தொகுதியில் சொந்த ஊருக்குப் போக இரண்டு வாய்ப்பு. அதில் ஒன்றை இந்தியாவில் எந்த ஊருக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு தலைமுறை டெல்லியையும் ஆக்ராவையும் பார்த்தது அந்தச் சலுகையால்தான். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பயணங்கள் எல்லாமே குடும்பத்தோடு போனவை. கணவனும் மனைவியும் மட்டுமாகக் கடைசியாக எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்டால், கல்யாணமான புதிதில் போன ஊட்டியோ கொடைக்கானலோதான் பல வீடுகளில் பதிலாக வரும்.

பிள்ளை ஊருக்குப் போயிருக்கும் காலாண்டு விடுமுறை வாரத்துச் சனி, ஞாயிறை இருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அடையாற்றுக்காரர்களுக்குப் புதுச்சேரி கைக்கெட்டும் தூரம். ஈ.சி.ஆர். வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கோயம்பேட்டில் புறப்படும் பேருந்துகள் திருவான்மியூரில் நின்றுதான் போகின்றன. இன்னொரு வசதியும் உண்டு. கும்பகோணத்தில் குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் என்றால் புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். சென்னையிலிருந்து போகும் தூரத்தில் ஏறத்தாழப் பாதி மிச்சம். பிள்ளையை விட்டு விலகிப் போகிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு பெரிய தெம்பு.

வழியில் முட்டுக்காடு படகுத் துறை வரும். 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை வரும். மாமல்லபுரம் வரும். பிள்ளை கூட இருந்தால் ஒவ்வொன்றிலும் இறங்கியே ஆக வேண்டும். இப்போது பேருந்து அப்படியே போகட்டும்.

புதுச்சேரியில் இந்த இருவருக்கும் ஏற்ற இடம் கடற்கரைச் சாலை. மாலை 6 மணிக்குத் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை சாலை நடப்பவர்களுக்கே. வண்டி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தே நடந்து பழகியவர்களுக்கு, அங்கே முதல் சில நிமிடம் கைக்கு வேலையே இருக்காது. காந்தி சிலையைத் தாண்டி, 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தையும் தாண்டி நடக்கலாம். கால் வலித்தால் கருங்கல் மேல் உட்காரலாம். பேச்சு முதலில் பள்ளிக் கட்டணத்தையும் மகளின் கணக்கு மார்க்கையும் சுற்றித்தான் வரும். அதை அவசரப்பட்டு நிறுத்த வேண்டியதில்லை. அது தீர்ந்த பிறகு, அலுவலகத்தில் தனக்கு என்ன நடக்கிறது, ராத்திரி ஏன் தூக்கம் வரவில்லை என்று ஒருவர் சொல்ல ஆரம்பிப்பார். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் பாதி வாக்கியத்தில் நின்றுபோன பேச்சுகள் அவை.

காலையில் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீட்டுக்குப் போகலாம். இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் பாரதி புதுச்சேரியில் இருந்தார். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் அந்தக் காலத்தில் எழுந்தவை. பிள்ளைகளோடு போனால் ஒரு படத்துக்குக் கீழே உள்ள வரிகளைப் படித்து முடிப்பதற்குள் ‘போலாம்மா’ என்று கை இழுக்கும். இப்போது ஒவ்வொன்றாகப் படிக்கலாம். அதற்குமேல் இடங்களை அடுக்க வேண்டாம். இரண்டு நாளில் ஆரோவில், அரிக்கமேடு, ஊசுட்டேரி எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்த்தால், திங்கட்கிழமை இன்னும் களைப்பாகத்தான் விடியும்.

“பிள்ளையை அனுப்பிட்டு ரெண்டு பேரும் ஊர் சுத்தப் போயிட்டாங்க” என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அந்தச் சொல் தைப்பது பெரும்பாலும் அம்மாவை. அப்பா வேலையாக வெளியூரில் நான்கு நாள் தங்கினால் யாரும் கேட்பதில்லை. இந்த அநியாயத்துக்குப் பணிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. பாட்டியிடம் மட்டும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பொறுப்பை ஏற்பவருக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் அந்த இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்க வேண்டும். அவர் பிள்ளைகளுக்கும் அதே காலாண்டு விடுமுறைதான்.

ஞாயிறு மாலை புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வரும் பேருந்துகளில் நிற்க இடமிருக்காது. மதியச் சாப்பாட்டை முடித்தவுடன் கிளம்பிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும், இருட்டுவதற்குள் திருவான்மியூரில் இறங்கிவிடலாம்.