திரை பிடித்தவன்

நாடகப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் கூத்துப் பயிற்சிக்காக ஒரு வாரம் புரிசையில் தங்கியிருந்தேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு வட்டாரத்துச் சிற்றூர் அது. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியின் நடிகர்கள் கூத்துக் கற்றது இவ்வூர்க் கண்ணப்பத் தம்பிரானிடம். அவர் 2003இல் மறைந்தார். அந்தப் பெயர்தான் என்னை அங்கே இழுத்துச் சென்றது.

காலையில் அடவு, மாலையில் பாட்டு. வகுப்பில் நல்ல குரல்காரன் என்று பெயரெடுத்திருந்த எனக்கு, முகவீணையின் சுருதிக்கு எட்ட முயன்று மூன்றாம் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர்க்கோடிவரை கேட்க வேண்டியிருந்த குரலின் சுருதி அது.

வாரக் கடைசியில் கர்ண மோட்சம். சிறு வேடமாவது கிடைக்கும் என்று காத்திருந்தேன். வாத்தியார் திரையின் ஒரு முனையை என் கையில் தந்தார்.

"இதைப் புடிச்சுக்க தம்பி, போதும்."

அவமானமாக இருந்தது.

நள்ளிரவில் கர்ணன் திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கினார். கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்த அந்த உடல் மூச்சுக்குத் தவிப்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். சபைக்குத் தெரிந்ததோ கிரீடத்தின் நுனியும் சலங்கைக் கால்களும் மட்டுமே. முன்வரிசைக் கிழவி ஒருத்தி கைகூப்பினாள். முகம் தெரியுமுன்பே அவளுக்குக் கர்ணன் வந்துவிட்டிருந்தான்.

அடுத்த மாதம் நகரத்துக் குழுவொன்றின் நடிகர் தேர்வில் எனக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள். முகத்தைக் காட்டத் தெரிந்த அளவுக்கு எனக்கு மேடைக்கு வரத் தெரியவில்லை. தேர்வாகவில்லை. வருத்தந்தான். ஆனால், எதைக் கற்க வேண்டும் என்பது இப்போது தெரிந்திருந்தது.