இரண்டு படகுகளும் ஒரு கணக்கும்

எமது பழைய மாணவர் ஒருவர் சென்ற பங்குனி மாதத்தில் ஒரு மாலை எம்மைத் தேடி வந்தார். கணிதத்தில் கெட்டிக்காரராக இருந்தவர். குடும்பத்தின் வறுமை காரணமாகப் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனவர். திண்ணையில் அமர்ந்ததும் கைத்தொலைபேசியில் இரண்டு படகுகளின் படங்களைக் காட்டினார்.

“சேர், இந்த ரெண்டிலை ஒண்டை எடுக்க வேணும். கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ.”

கரும்பலகையைத் தவிர வேறு கடலை அறியாத எம்மிடம் ஒரு கடற்றொழிலாளி யோசனை கேட்டது எமக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமைதான் பின்னர் எம்மை வெட்கப்படவும் வைத்தது. அதனாலேயே இதனை எழுதுகிறோம்.

இரண்டும் கண்ணாடியிழைப் படகுகள். எமது கரைகளில் ‘பைபர் படகு’ என்று சொல்லப்படுபவை. ஒன்று 16 அடி நீளம். 8 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம். இருவர் சேர்ந்தால் மணலில் இழுத்து ஏற்றிவிடலாம். மற்றையது 22 அடி. 25 குதிரைவலு இயந்திரம். அணியம் உயர்ந்தது, அலையை வெட்டிக்கொண்டு ஓடக்கூடியது, மூவர் தொழில் செய்யலாம். முதலாவது பரவைக்கடலுக்கு உரியது. இரண்டாவது பாக்கு நீரிணைக்கு உரியது.

பணம் கனடாவிலிருந்து வருகிறது. அங்கே வாழும் சித்தப்பா, படகுக்கென்று ஒரு தொகை அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தார். அவர் முதலில் சொன்னது இந்த இரண்டையும் அல்ல. ஒன்ராறியோவின் ஏரிகளில் விடுமுறை நாட்களில் மக்கள் தூண்டில் போடச் செல்லும் சின்னஞ்சிறு அலுமினியப் படகுகளைப் படம் பிடித்து அனுப்பி, “பாரமும் இல்லை, உக்கவும் மாட்டுது, இதைப்போல ஒண்டை எடு” என்றாராம். அன்பில் குறையில்லை. ஆனால் அந்த ஏரி நன்னீர். எமது கடல் உப்பு. அலுமினியத்தோடு செம்போ இரும்போ தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடந்தால் அலுமினியந்தான் அரிக்கப்படும். பாறையில் அடிபட்டு ஓட்டை விழுந்தால் அதனை ஒட்டத் தனிப்பட்ட கருவியும் கைத்தேர்ச்சியும் வேண்டும். பைபர் படகு வெடித்தாலோ, இழைப்பாயும் பிசினும் கொண்டு கரையிலேயே ஒட்டிவிடலாம். ஒரு பொருள் நல்லதா என்பதை அந்தப் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது யாருடைய கையில், எந்தக் கரையில் கிடக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதனை அன்று அலுமினியத்தைப் பற்றி எளிதாகச் சொல்லிவிட்டோம். அந்த இரண்டு படகுகளைப் பற்றிச் சொல்லும்போது மறந்துபோனோம்.

எமது மாணவரின் தந்தை மயிலிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஆனி மாதத்தில் அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலங்கையின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்றான மயிலிட்டி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 27 ஆண்டுகளின் பின், 2017 ஆடி மாதத்தில் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. அதற்கிடையில் அந்தக் குடும்பம் முகாம்களில் வாழ்ந்து, ஈற்றில் தாயின் உறவினரோடு நாவாந்துறைப் பக்கம் வந்து தங்கியது. மகன் பரவைக்கடலில் தொழில் பழகினார். தந்தையோ இன்றும் அறக்குளாவையும் பாரையையும் பற்றியே பேசுவார். முழங்காலளவு நீரில் நண்டு பிடிப்பதை அவர் தொழிலென்றே மதிப்பதில்லை. ஆகவே 22 அடிப் படகு என்பது அந்த வீட்டில் வெறும் படகு அல்ல. அது மயிலிட்டிக்குத் திரும்பும் வழி.

நாம் தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரு நாள் பாடு, எரிபொருட் செலவு, ஆட்பங்கு, தேய்மானம் என்று நான்கு நிரல் கீறினோம். பெரிய படகுக்கே வருவாய் அதிகம் என்று தெளிவாக வந்தது. “யோசியாமல் பெரியதை எடும்” என்றோம். அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“கணக்குச் சரி, சேர். ஆனால் மூண்டு நிரல் குறையுது.”

முதலாவது நிரல் மண்ணெண்ணெய். இந்த இயந்திரங்களைப் பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவதே வழக்கம். 2022 ஆவணியில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. 40 லீற்றர் எடுத்துப் போகும் பெரிய படகுக்கு 3,480 ரூபாவாக இருந்த செலவு ஓர் இரவில் 13,600 ரூபாவாயிற்று. விலை பின்னர் இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. சிறிய படகுக்காரர் அந்த நாட்களில் மரக்கோலை ஊன்றித் தாங்கியேனும் வலை பார்த்துவந்தனர். 22 அடிப் படகைத் தாங்கிக்கொண்டு பாக்கு நீரிணைக்குப் போக முடியுமா?

இரண்டாவது நிரல் இழுவைப் படகுகள். வாரத்தில் மூன்று இரவுகள் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து அவை கூட்டமாக வருகின்றன. கடலின் அடியை வாரிச் செல்லும்போது எமது தொழிலாளர் விரித்த வலைகளும் அறுந்து போகின்றன. அந்த இரவுகளில் வடகரைத் தொழிலாளர் பலர் கடலுக்கே போவதில்லை. ஆக, எமது கணக்கில் ஆறு நாளாக இருந்த வாரம் உண்மையில் மூன்று நாளாகிறது. ஒரு முறை வலை அறுந்தால் ஒரு பருவத்தின் உழைப்பே போய்விடும்.

மூன்றாவது நிரலைச் சொல்ல அவர் சற்றுத் தயங்கினார். சித்தப்பாவின் பணம் சிறிய படகுக்குப் போதும். பெரியதற்குப் பாதிதான் ஆகும். மீதியைத் தர ஒரு மீன் வியாபாரி முன்வந்திருந்தார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: கடன் தீரும்வரை பிடிக்கும் மீன் முழுவதும் அவரிடமே நிறுக்கப்பட வேண்டும், விலையை அவரே சொல்வார்.

“வட்டி இல்லாத கடன் எண்டு அப்பா சந்தோசப்படுறார். கடன் எப்ப தீரும் எண்டு கேட்டன். மீனைப் பொறுத்தது எண்டார் முதலாளி.”

வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை எமது மாணவர் கண்டுகொண்டார்; கணித ஆசிரியரான நாம் காணவில்லை.

இது புதிய கதை அல்ல. சிறு படகொன்றைக் கொடுத்தால் மீனவன் வாழ்வு மலரும் என்ற நம்பிக்கை இந்தக் கடலுக்கு இருபுறமும் முன்பே சோதிக்கப்பட்டது. 1953இல் நோர்வேயின் உதவியுடன் கேரளத்தின் நீண்டகரையில் ஒரு திட்டம் தொடங்கியது. எளிய மீனவரின் வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டுவதே அதன் முதல் எண்ணம். ஆனால் இறாலுக்கு அயல்நாட்டுச் சந்தை திறந்ததும், கடலில் கால் நனைக்காதவர்கள் முதல் போட்டு இழுவைப் படகு வாங்கினார்கள். ஈற்றில் வள்ளத்து மீனவர் தெருவில் இறங்கிப் போராடி, 1988இல் தென்மேற்குப் பருவக்காலத்துக்கு இழுவைத் தடை பெறவேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுக் கரையிலும் இழுவைத் தொழில் அவ்வாறே பெருகியது. இன்று எமது வலைகளை அறுக்கும் படகுகளின் வம்சம் அதுதான்.

இலங்கையிலும் 1958 முதல் இயந்திரப் படகுகள் கடனுக்கு வழங்கப்பட்டன. முன்பணம் கட்ட வல்லவர் மூன்றரைத் தொன் படகின் உடைமையாளரானார். வல்லாதவர் அதே படகில் பங்குக்கூலியானார். 1967இல் நோர்வே மக்களின் உதவியோடு சீநோர் பிறந்து, காரைநகரில் படகும் குருநகரில் வலையும் செய்யப்பட்டமை இந்தக் கரைக்குக் கிடைத்த நற்பேறு. ஆனால் படகைக் கட்டத் தெரிந்த மண்ணில் போர் வந்தது. கடல் வலயத் தடைகளும், இயந்திர வலுவுக்கு வரம்பும் வந்தன. எந்தப் படகு வேண்டும் என்று கேட்கும் உரிமையே ஒரு தலைமுறைக்கு இல்லாமற் போயிற்று.

இழுவைப் படகில் வரும் தொழிலாளியைப் பகைவன் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அவனும் தமிழன், அவனும் கூலிக்காரன், பிடிபட்டால் சிறையில் கிடப்பவன் அவன், படகின் முதலாளி அல்ல. 2017இல் இலங்கையில் இழுவைத் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சட்டம் தாளில் இருக்கிறது. கடலில் இன்னும் முழுமையாக இறங்கவில்லை.

எமது மாணவர் 16 அடிப் படகையே வாங்கினார். தந்தை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியலில் நாமும் கரைக்குப் போயிருந்தோம். கிழவர் தனியே வந்து, படகைச் சுற்றி நடந்து, இயந்திரம் பூட்டும் பின்பலகையைக் கையால் தட்டிப் பார்த்தார். இயந்திரத்தைத் தாழ்வாகப் பூட்டியிருப்பதாகவும், விசிறி சாதாளையில் சிக்கும் என்றும் சொல்லி, ஒரு கட்டை வைத்து உயர்த்தச் சொன்னார். அவ்வளவுதான். பிறகு வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து மயிலிட்டிக் கடல் தெரியாது.

மாணவர் எடுத்த முடிவு சரியானது. ஆனால் அதனைச் சிக்கனத்தின் வெற்றி என்று புகழ எம்மால் இயலாது. பரவைக்கடலும் தங்கூசி வலைகளால் வற்றிவருகிறது; எல்லோரும் சிறிய படகோடு அங்கே ஒதுங்கினால் அதுவும் தாங்காது. பெரிய படகு பிழையான படகும் அல்ல. எரிபொருள் விலையும், இழுவை மடியும், முதலாளியின் தராசும் சேர்ந்து அதனை அவர் கைக்கு எட்டாதபடி தள்ளிவைத்தன. மூன்றில் ஒன்றையேனும் அவர் தனியாக நின்று மாற்ற முடியாது. சங்கமாக நின்றால் முடியும். கூட்டுறவுச் சங்கம் கடனும் கொடுத்து மீனையும் தானே நிறுத்தால் தராசு முதலில் கைமாறும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசப்போவதாக அவர் சொல்லியிருக்கிறார். நாம் போட்ட கணக்குத் தாளையும் கேட்டு வாங்கிப் போனார். விடுபட்ட மூன்று நிரல்களையும் அவர் கையாலேயே கீறிக்கொண்டார்.