என் குரல் கேட்கிறதா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்

“என்னடா, பேசுறியா இல்லியா? ஒண்ணுமே கேக்கல!”

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அப்பா கத்தினார். அவர் குரல் எனக்குக் கணீரென்று கேட்டது. என் குரல்தான் அவரை எட்டவில்லை.

மறுநாள் காலை, கோடைப் பயிற்சிக்குக் கைப்பேசி வழியே நேர்முகத் தேர்வு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேர்வு செய்பவர்களுக்கும் கேட்காமல் போனால்? நெஞ்சு படபடத்தது.

இயற்பியல் மாணவன் அல்லவா! சோதனையில் இறங்கினேன். புளூடூத்தை அணைத்தேன். பத்து விநாடி பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு முனகல்!

சார்ஜர் செருகும் இடத்தருகே ஊசிமுனையளவு துளை, அதனுள்ளேதான் ஒலிவாங்கி. காற்றின் அதிர்வில் அதன் மெல்லிய சவ்வு அசைய, அவ்வசைவு மின்குறியாகிறது. காற்சட்டைப் பையின் பஞ்சுத்தூசி அத்துளையை அடைத்திருந்தது. ஊசியால் குத்தினால் சவ்வு கிழிந்துவிடும். உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தேன்.

மீண்டும், நாளைய விடைகளைப் பேசிப் பதிந்தேன். தெளிவாகக் கேட்டது. ஆனால் அது என் குரலா? பேசும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது. பதிவிலோ காற்றில் வந்தது மட்டுமே. இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு விடையும் முடிவில் தேய்ந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் அடங்கியது. அந்தக் குறை ஒலிவாங்கியினுடையதன்று! நள்ளிரவுவரை பேசிப் பேசிப் பதிந்தேன்.

விடியற்காலையில் அப்பாவை அழைத்தேன்.

“இப்பக் கேக்குதாப்பா?”

“நல்லாக் கேக்குது. அங்கயும் இப்படியே பேசு!”

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நண்பர்களே, ‘கேட்கவில்லை’ என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.