அட்டைப் பூவும் அமானிதமும்

சவூதியிலிருந்து வாப்பா எழுதிய கடிதங்களை ஆல்பமாக்கி உம்மாவுக்கு அளிக்க விரும்பினேன். ஆண்டர்சன் தெருவில் சாம்பல்நிற அட்டை வாங்கி, பிறையும் பூவுமாக வெட்டி, கடிதங்களின் ஓரத்தில் மைதாப் பசையால் ஒட்டினேன்.

கோடம்பாக்கத்து வீட்டில் மழைக்காலம் முடிந்து ஆல்பத்தைத் திறந்தபோது, பசையை நாடிவந்த பூச்சிகள் ஒரு கடிதத்தின் தொடக்க சலாமையே அரித்திருந்தன. உம்மா கோபிக்கவில்லை, அழிந்த வரியை மனப்பாடமாகச் சொன்னார். நான்தான் வெட்கினேன்.

அட்டை வேலை தவறன்று. ஒரு முகத்தில் மட்டும் தாள் ஒட்டினால் அட்டை வளையும். இருபுறமும் ஒட்டிப் பாரத்தின்கீழ் உலர்த்துங்கள். மலிவான அட்டைகள் பலவற்றிலுள்ள அமிலம் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கும். ஆகவே அலங்காரம் நகலுக்கு இருக்கட்டும். மூலக் கடிதம் தனியே, ஈரம் படாமல் இருக்கட்டும். அது நம்மிடமுள்ள அமானிதம்.