மௌனம் சொன்ன சேதி

கொல்வது எளிது, அறிவது அரிது. கொசுவைக் கண்டால் கையை ஓங்குகிறோம். உண்ணியைக் கண்டால் பிடுங்கி நசுக்குகிறோம். அவை நமக்கு இழைக்கும் கேடு அத்தகையது! ஆனால், அவற்றின் உடலுக்குள் நோய்க்கிருமி எவ்வாறு குடியேறுகிறது, அதற்கு வழிவிடுவது எது, வழிமறிப்பது எது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

எங்கள் தெருவில் மழைக்காலம் பிறந்துவிட்டால் புகையடிக்கும் வண்டி வரும். சன்னல்களைச் சாத்துவோம், சிறுவர்கள் ஆரவாரத்தோடு அதன்பின் ஓடுவர். புகை கலைந்த மறுநாள் மாலையே கொசுக்கள் கச்சேரியைத் தொடங்கிவிடும். நமது இல்லத்திலும் ஒரு குழந்தை டெங்குக் காய்ச்சலில் துவண்டு கிடக்க, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை நாள்தோறும் கேட்டுக் கேட்டு நெஞ்சம் பதறியதுண்டு. "காலம் சரியில்லை" என்றார் ஒருவர். "கண் பட்டுவிட்டது" என்றார் மற்றொருவர். காலமும் அல்ல, கண்ணும் அல்ல, கொசு! மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897-ஆம் ஆண்டிலேயே செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டு சொல்லிவிட்டாரே!

கண்ட பின்னர் மனிதன் கையில் எடுத்தது நஞ்சு. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைப் பால் முல்லர் 1939-இல் கண்டறிந்தார். வென்றோம் என்று உலகம் மார்தட்டிற்று. கொசுவோ நஞ்சைத் தாங்கும் வலிமை பெற்றுத் திரும்பி வந்தது. தீயதோடு நல்லதும் மடிந்தது. நஞ்சுக்குத் தேனீ எது, கொசு எது என்று தெரியுமா?

இந்நிலையில்தான் அறிவுலகம் வேறொரு வழியைக் கண்டது. அதன் பெயர் மரபணுவை மௌனமாக்குதல். தொடங்கியது பூந்தொட்டியில்! பெட்டூனியா மலரின் ஊதா நிறத்தை மிகுவிக்க எண்ணிய ஆய்வாளர்கள், நிறம் தரும் மரபணுவை மேலும் ஒன்று சேர்த்தனர். மலர்களில் பல வெள்ளையாகப் பூத்தன! கூட்டப் போய்க் குறைந்தது ஏன்? 1990-இல் வெளிவந்த அந்தப் புதிருக்கு விடை தேட, 1998-இல் ஒரு சிறு புழு துணை நின்றது. ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகிய இருவரும் அப்புழுவில் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வின் ஆற்றலைக் காட்டினர். 2006-இல் நோபல் பரிசு பெற்றனர்.

செய்தி இதுதான். மரபணு ஆணையிடுகிறது, அவ்வாணையை ஓலையாகச் சுமந்து செல்கிறது தூது ஆர்.என்.ஏ.; ஓலை படிக்கப்பட்டதும் புரதம் உருவாகிறது. ஓலையை வழியிலேயே கிழித்துவிட்டால்? அரசன் அரியணையில்தான் இருக்கிறான். ஆணை மட்டும் அரண்மனை வாயிலைத் தாண்டுவதில்லை! உயிரணுவுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. நுழைந்தால், டைசர் என்னும் நொதி அதனை ஏறத்தாழ 21 எழுத்துள்ள துண்டுகளாக நறுக்கும். அத்துண்டை அடையாளமாகக் கொண்டு, அதற்குப் பொருந்தும் ஓலையைத் தேடிப்பிடித்து வெட்டும் மற்றொரு புரதம். இது மனிதன் புகுத்திய படைக்கலம் அன்று. வைரசை எதிர்க்கக் கொசு தானே ஏந்தியிருக்கும் வாள்! அந்த வாளைக் கேள்வி கேட்கும் கருவியாக்கியதே மனித அறிவு. ஒரு மரபணுவின் வாயை மூடு. என்ன நின்றுபோகிறது என்று பார். அதன் வேலை விளங்கிவிடும்.

விளங்கியது வியப்புக்குரியது. அனாஃபிலஸ் கொசுவின் டெப்-1 என்னும் மரபணுவை மௌனமாக்கி, எலிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமி கலந்த இரத்தத்தைப் பருகச் செய்தனர். கிருமிகள் பன்மடங்கு பெருகின! 2004-இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன சேதி என்ன? கொசு, கிருமிக்கு மனமுவந்து பல்லக்குத் தூக்கும் அடிமை அன்று. தன் வயிற்றுக்குள் அது போரிடுகிறது. கிருமிகளுள் பெரும்பகுதியைக் கொன்றும் விடுகிறது. தப்பிய சிலவே நம்மை வந்தடைகின்றன. பகைவனுக்குள்ளேயே நமக்கொரு துணைவன் இருப்பதை எந்த நச்சுப் புகை நமக்குக் காட்டியது?

உண்ணியின் கதையும் கேளுங்கள். 1957-இல் இன்றைய கருநாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. விறகுக்கும் தழைக்கும் காடு சென்ற ஏழை மக்கள் காய்ச்சலில் வீழ்ந்தனர். வைரசைச் சுமந்தது கடுகளவான உண்ணி! உண்ணிகளிடம் மௌனமாக்கும் முறை 2002 முதல் கையாளப்படுகிறது. அமெரிக்காவில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியில், சுபோலெசின் என்னும் புரதத்தின் மரபணுவை அடக்கிப் பார்த்தனர். உண்ணிகள் பல மடிந்தன. எஞ்சியவை இரத்தம் உறிஞ்சி எடை கூடவும், முட்டையிடவும் இயலாது தளர்ந்தன. எப்புரதத்தைக் குறிவைத்துத் தடுப்பூசி செய்யலாம் என்பதற்கு விடை கிடைத்தது. கால்நடைகளிடம் சோதனைகளும் நடந்தன.

இத்தனை தெரிந்தும் தாமதம் ஏன்? ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு கொசுவாக ஊசி போடலாம். ஊர்க் குட்டையில் எவ்வாறு போடுவது? ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டிலேயே அந்த ஆர்.என்.ஏ.வை விளையச் செய்து, கொசுப்புழுவுக்கு இரையாக்கிப் பார்க்கின்றனர். டெங்கு வைரசை மறிக்கும் கொசுவினம் ஒன்றை 2006-இல் உருவாக்கினர். தலைமுறைகள் சில கடந்ததும் அந்த ஆற்றல் அவிந்தது. இடர்கள் உண்மையானவை, மறைப்பதற்கில்லை.

ஆனால், இதையும் எண்ணுங்கள். 2023-இன் இறுதியில் அமெரிக்க அரசு, இலைமேல் தெளிக்கும் ஆர்.என்.ஏ. மருந்து ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. எதை ஒழிக்க? உருளைக்கிழங்குச் செடியைத் தின்னும் வண்டை! கொசுவுக்கும் உண்ணிக்கும் எதிரான முயற்சிகளோ பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருக்கின்றன. உருளைக்கிழங்குக்குச் சந்தை உண்டு. விறகு பொறுக்கும் பெண்ணின் உயிருக்கு ஏது சந்தை? சந்தை கேளாததை மக்களும், மக்களால் அமைந்த அரசும் கேட்டாக வேண்டும்.

அதுவரை தேங்கிய நீரை வடிப்போம், தொட்டியை மூடுவோம், காய்ச்சலுக்கு விதியைக் காரணம் காட்டாதிருப்போம். ஒரு மரபணு வாய் மூடினால் உண்மை வெளிப்படுகிறது. மக்கள் வாய் மூடினாலோ, வெளிப்பட்ட உண்மையும் ஏட்டிலேயே உறங்கிவிடும்!